பாடகர் குழுவின் திருப்பாடலை பிராஸ் குழுவுக்கு மாற்றும்போது: கேட்கும் குறையிலிருந்து காரணத்துக்கு

நான்கு குரலுக்கான ஒரு திருப்பாடலை எடுத்து, உயர்ந்த பெண்குரலான சொப்ரானோவை முதல் டிரம்பெட்டுக்கும், தாழ்ந்த பெண்குரலான ஆல்ட்டோவை ஹார்னுக்கும், உயர்ந்த ஆண்குரலான டெனரை டிரோம்போனுக்கும், தாழ்ந்த ஆண்குரலான பாஸை டியூபாவுக்கும் எழுதிக்கொடுத்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஒத்திகையில் நோட்டுகள் எல்லாம் சரியாகவே வரும், ஆனால் பாட்டு வராது. இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: சொற்கள் போய்விட்டன. எங்கே மூச்சு எடுப்பது, எந்த அசையை அழுத்துவது, எந்த நோட்டை எப்போது விடுவது என்பதையெல்லாம் பாடகருக்கு அந்தச் சொற்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தன. அவை இல்லாத இடத்தில், அந்த வேலை முழுவதையும் நீங்கள் எழுதும் நோட்டேஷன் செய்ய வேண்டும்.

கீழே உள்ளவை இரண்டு டிரம்பெட், ஒரு ஹார்ன், ஒரு டிரோம்போன், ஒரு டியூபா கொண்ட ஐவர் பிராஸ் (பித்தளை ஊதுகருவி) குழுவை மனதில் வைத்து எழுதியவை. எடுத்துக்காட்டுகளுக்கு மூன்று பாடல்கள்: பலெஸ்ட்ரினாவின் "சிகுட் செர்வுஸ்", மோட்ஸார்ட்டின் "ஆவே வெரும் கோர்புஸ்", ப்ரூக்னரின் "லோகஸ் இஸ்தே". ஒத்திகையில் காதில் விழும் குறை எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குறை இருந்தால் மேலிருந்து வரிசையாக வருவது நல்லது. முதலில் உள்ளவை சரியாகாதவரை பின்னால் உள்ளவை தெளிவாகக் கேட்காது.

முதல் பாரிலேயே (தாளப் பகுதியிலேயே) எல்லாம் மோதுகிறது

எவ்வளவு தள்ளி மோதுகிறது என்று கேளுங்கள், காரணம் உடனே தெரிந்துவிடும். டிரம்பெட் மட்டும் ஒரு முழுத் தொனி கீழே ஒலித்தால், பி ஃப்ளாட் டிரம்பெட்டுக்கு மாற்றி எழுதாத தாள் போயிருக்கிறது. ஒலிக்க வேண்டியதைவிட ஒரு முழுத் தொனி மேலே எழுத வேண்டும். ஹார்ன் ஓர் ஐந்தாம் சுர இடைவெளி கீழே ஒலித்தால் அதே தவறுதான். எஃப் ஹார்னுக்கு ஐந்தாம் சுரம் மேலே எழுத வேண்டும். டிரோம்போனுக்கும் டியூபாவுக்கும் பாஸ் க்ளெஃபில் (தாழ்ந்த சுரங்களுக்கான குறியீடு) உள்ளது உள்ளபடியே. டிரோம்போனுக்குப் பதில் ட்ரெபிள் க்ளெஃப் (உயர்ந்த சுரங்களுக்கான குறியீடு) படிக்கும் யூஃபோனியம் வந்தால் ஓர் ஆக்டேவும் (எட்டாம் சுர இடைவெளி) ஒரு தொனியும் மேலே எழுத வேண்டும்.

மியூஸ்ஸ்கோர் போன்ற மென்பொருளில் எழுதுபவர்கள் எல்லாக் கருவிக்கும் ஒலிக்கும் சுரத்தையே காட்டும் "கான்சர்ட் பிட்ச்" பொத்தானைப் பாருங்கள். ஸ்கோரைச் சரிபார்க்கும்போது அதைப் போட்டிருப்போம். தாள்களை அச்சிடும் முன் அணைக்க வேண்டும்.

டெனர் வரி சொப்ரானோவோடு உரசிக்கொண்டு, சில இடங்களில் அதற்கு மேலேயே கேட்கிறதா? பாடகர் குழுத் தாள்களில் டெனரை ட்ரெபிள் க்ளெஃபில் எழுதி, கீழே சிறிய 8 போட்டிருப்பார்கள். ஓர் ஆக்டேவ் கீழே பாடு என்று பொருள். கோப்பை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும்போது அந்த 8 தொலைந்துபோவது உண்டு.

தாள் சரி, வாசிப்பவரும் தேர்ந்தவர், ஆனாலும் தொனி இடிக்கிறது என்றால் அவர் எங்கே கற்றார் என்று கேளுங்கள். ஜெர்மன் லூத்தரன் சபைகளின் போசாவுனன்கோர் (பிராஸ் குழு) மரபில், பி ஃப்ளாட் கருவிக்காரரும் பியானோவுக்கு எழுதியதைப் போல ஒலிக்கும் சுரத்தையே படிப்பார். பாடல் புத்தகத்திலிருந்து எல்லோரும் நேரடியாக வாசிக்க வேண்டும் என்பதற்காக யோஹன்னஸ் கூலோ (1856–1941) வலியுறுத்திய முறை அது. அப்படிப்பட்டவருக்கு மாற்றி எழுதாத தாள்தான் தேவை.

யாருக்கும் மூச்சு பற்றவில்லை

பாடகர் குழுவில் ஒரு குரலுக்கு ஐந்து பேரோ பத்துப் பேரோ இருப்பார்கள். ஒருவர் மூச்சு எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் தாங்கிப் பிடிப்பார், வரி அறுபடாது. உங்கள் குழுவில் ஒரு வரிக்கு ஒரே ஆள். "சிகுட் செர்வுஸ்" பாட்டில் ஓர் அசை பல பார்களுக்கு நீளும். அதை அப்படியே டிரோம்போனுக்குக் கொடுத்தால் அவர் எங்காவது நிறுத்தித்தான் ஆகவேண்டும். நீங்கள் இடம் சொல்லவில்லை என்றால் அவருக்கு வசதியான இடத்தில் நிறுத்துவார், அது பெரும்பாலும் பார்க்கோட்டில் இருக்கும். பலெஸ்ட்ரினாவின் காலத்துத் தாள்களில் பார்க்கோடே கிடையாது. அந்த இசையின் போக்குக்கும் அந்தக் கோட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

சரிசெய்ய, முதலில் வரிகளின் சொற்களைப் பாருங்கள். "சிகுட் செர்வுஸ் தெசிதெராத் அத் ஃபோன்தெஸ் அக்குவாரும்": நீரோடைகளை நாடித் தவிக்கும் மானைப் பற்றிய 42-ஆம் சங்கீதத்தின் தொடக்கம். சொற்றொடர் முடியும் இடங்களில் முடிவு நோட்டிலிருந்து ஒரு க்ராட்செட்டோ அதில் பாதியான குவேவரோ குறைத்து ரெஸ்ட் (ஓய்வுக்குறி) போடுங்கள். காற்புள்ளி மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள். காற்புள்ளியைப் பார்க்கும் ஐந்து பேரும் ஐந்து விதமாக மூச்சு எடுப்பார்கள். அளந்து எழுதிய ரெஸ்ட் என்றால் நோட்டு எங்கே முடிகிறது என்பதும் தெரிந்துவிடும்.

இங்கே இரண்டு விஷயங்களை நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒன்று, பலகுரல் பின்னலில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு எடுக்கக்கூடாது. ஒவ்வொரு வரிக்கும் அதன் சொல் எங்கே முடிகிறதோ அங்கே. "சிகுட் செர்வுஸ்" டெனரில் தொடங்கி மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாகச் சேரும் பாட்டு. டெனர் மூச்சு எடுக்கும்போது வேறொருவர் நடுச்சொல்லில் இருப்பார், அதனால்தான் ஓட்டம் அறுபடாமல் போகிறது. இன்னொன்று, சஸ்பென்ஷன் இருக்கும் இடம். முந்தைய கார்டிலிருந்து (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களிலிருந்து) பிடித்துவந்த நோட்டு, அது முரணாக மாறும் தருணம், ஒரு படி இறங்கி அமைதியாகும் நோட்டு இவை மூன்றும் ஒரே மூச்சு. இவற்றுக்கு நடுவே ரெஸ்ட் வந்தால் அந்தக் கேடன்ஸ் (சொற்றொடர் முடிவு) செத்துவிடும். மூச்சு தேவையென்றால் முதல் நோட்டுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

டியூபாவைத் தனியாக நினையுங்கள். தாழ்ந்த நோட்டை உரக்க வாசிக்கும்போது அதிகக் காற்றை விழுங்கும் கருவி அதுதான். அடியில் நான்கு பார் நிலைத்து நிற்கும் பெடல் நோட்டை பாஸ் பாடகர்கள் முறை வைத்துத் தாங்குவார்கள். டியூபாவுக்கு அது இரண்டு துண்டாக இருக்க வேண்டும், அல்லது டிரோம்போன் வந்து ஒரு பாருக்கு ஏந்திக்கொள்ள வேண்டும்.

நோட்டுகள் ஒரே மாதிரி விழுகின்றன, தட்டச்சு போல

இதுதான் அதிகம் கேட்கும் குறை, அதிகம் பேர் கவனிக்காமல் விடுவதும் இதுதான். "லோகஸ் இஸ்தே" மெதுவாக, மெல்லிய குரலில் தொடங்கும். ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும் இடங்களில்கூடப் பாடகர் வாயில் "லோ"வும் "குஸ்"ஸும் வெவ்வேறு நிறம். முதல் அசைக்கு எடை உண்டு, இரண்டாவது தானாக மெலியும். டிரம்பெட்டுக்கு அது தெரியாது. தாளில் இருப்பது ஒரே உயரத்தில் சில நோட்டுகள் மட்டும்தான், அவற்றை ஒரே அளவில் அடிப்பார்.

மூன்று படிகள் உதவும்.

முதலில், ஒவ்வொரு தாளிலும் நோட்டுகளுக்குக் கீழே பாடல் வரியை அசை பிரித்து எழுதிவிடுங்கள். லத்தீன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தமிழ் எழுத்திலேயே எழுதலாம். அழுத்தம் விழும் அசையின் கீழ் கோடிடுங்கள். பிறகு கருவியை மடியில் வைத்துவிட்டு, எல்லோரும் அந்த வரியை ஒருமுறை பாடட்டும். வாய்ப்பாட்டு வராது என்று கூச்சப்படுவார்கள், விடாதீர்கள். பாடிய உடனே வாசிக்கும்போது அசைகளின் எடை கருவிக்குள் வந்துவிடும். பக்கம் பக்கமாக ஆக்சென்ட் குறிகள் போடுவதைவிட இது வேலை செய்யும்.

அடுத்து ஸ்லர், அதாவது நோட்டுகளை இணைக்கும் வளைகோடு. ஓர் அசைக்கு ஒரு நாக்குத் தொடுதல். ஓர் அசை பல நோட்டுகளில் ஓடினால் அவை ஒரே ஸ்லருக்குள். பாடகர் குழுத் தாளில் சில பதிப்புகள் ஸ்லர் போடும், சில போடாது. அவற்றை நம்பாமல் அசையை நம்புங்கள். டிரோம்போனுக்கு ஸ்லர் என்பது பெரும்பாலும் மென்மையாக நாக்கைத் தொட்டு வாசிப்பதுதான், இல்லாவிட்டால் ஸ்லைடு நகரும் சத்தம் இழுபடும். ஆனாலும் ஸ்லர் குறியைப் போடுங்கள், எப்படி வாசிப்பது என்று அவருக்குத் தெரியும்.

கடைசியாக, ஒரே சுரம் திரும்ப வரும் இடங்கள். இங்கே ஒவ்வொரு இடமாக முடிவெடுக்க வேண்டும். சொல்லின் முக்கிய அசைகள் அந்த நோட்டுகளில் இருந்தால் ஒவ்வொன்றையும் மெல்லத் தொட்டு வாசிக்கட்டும், நோட்டுக்கு மேல் டெனுட்டோ கோடு (முழு நீளமும் பிடி என்ற குறி) போடுங்கள். எடை இல்லாத அசைகள் மட்டும் இருந்தால், நடுக்குரல்களில் இரண்டு நோட்டை இணைத்து ஒரு நீண்ட நோட்டாக்கிவிடலாம். மெட்டு வரியில் மட்டும் இணைக்கவே வேண்டாம். கேட்பவருக்குப் பாட்டு தெரிந்திருந்தால், மனதுக்குள் அவர் பாடிக்கொண்டிருக்கும் சொல்லை நீங்கள் அழித்துவிடுவீர்கள்.

அடியில் சகதி

குழு உரக்க வாசிக்கவில்லை, ஆனால் கீழே ஒரே கலங்கல், எந்தக் கார்ட் என்றே தெரியவில்லை. முதல் சந்தேகம் டியூபா மேல். பாஸ் வரியை முழுக்க ஓர் ஆக்டேவ் கீழே இறக்கி எழுதியிருப்பீர்கள், கருவியின் உயரத்துக்கு அதுவே இயல்பு என்று நினைத்து. பாஸ் பாடகர் பாடும் அதே உயரத்தில் டியூபா அழகாகப் பாடும். அப்படியே எழுதுங்கள். ஆக்டேவ் கீழே போவதைப் பெரிய முடிவுகளுக்கு, உதாரணமாகக் கடைசி நாலு பாருக்கு, சேமித்து வையுங்கள்.

இரண்டாவது, தாழ்ந்த இடத்தில் நெருக்கமான மூன்றாம் சுரங்கள். மிடில் சி-க்கு ஓர் ஆக்டேவ் கீழே உள்ள சி-யைத் தாண்டிக் கீழே போனால், டிரோம்போனுக்கும் டியூபாவுக்கும் நடுவே மூன்றாம் சுர இடைவெளி வைக்காதீர்கள். ஐந்தாம் சுரமோ ஆக்டேவோ வையுங்கள். ஆண்குரல்கள் அங்கே பாடும்போது தெளிவாக இருந்ததே என்று கேட்கலாம். உயிரெழுத்துகள் அந்தக் குரல்களைப் பிரித்துக் காட்டின, இங்கே அந்த உதவி இல்லை.

மூன்றாவது காரணம் நுணுக்கமானது, பழைய பலகுரல் பாட்டில் மட்டும் வரும். டெனரும் பாஸும் ஒன்றையொன்று குறுக்கிட்டு, ஒரு கணம் டெனர் பாஸுக்குக் கீழே போகும். அப்போது கார்டின் அடித்தளம் டெனர்தான். டெனர் சி-யிலும் பாஸ் அதற்கு மேலே ஜி-யிலும் நிற்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் பாஸை மட்டும் ஓர் ஆக்டேவ் கீழே இரட்டித்திருந்தால் அந்த ஜி எல்லாவற்றுக்கும் அடியில் போய் உட்கார்ந்துவிடும். உறுதியாக நிற்க வேண்டிய கார்ட் தலைகீழாகும். யாரும் தப்பு வாசிக்கவில்லை, ஆனாலும் தரை ஆடுகிறது. ஸ்கோரில் குறுக்கிடும் இடங்களைத் தேடி வட்டமிட்டு, அங்கே எந்தக் குரல் கீழே இருக்கிறதோ அதையே டியூபாவுக்குக் கொடுங்கள்.

"லோகஸ் இஸ்தே" பாட்டில் ஒரு தனி எச்சரிக்கை. நடுவில் "இர்ரெப்ரெஹென்சிபிலிஸ் எஸ்த்" என்று வரும் பகுதியில் பாஸ் குரலே கிடையாது. மேலே மூன்று குரல்கள் மட்டும் அரைத் தொனி அரைத் தொனியாக நகரும். டியூபா சும்மா இருக்கிறதே என்று அங்கே எதையாவது எழுதிச் சேர்க்கும் ஆசை வரும். சேர்க்காதீர்கள். தரை இல்லாமல் மிதப்பதுதான் அந்தப் பகுதி. முதல் மெட்டு திரும்பும்போது பாஸ் வந்து தாங்கும் நிம்மதிக்கு அந்த வெறுமை தேவை.

டிரம்பெட் மற்றவற்றை மூடுகிறது, ஆல்ட்டோ காணாமல் போகிறது

இவை இரண்டும் பெரும்பாலும் ஒரே நோய். மெல்ல வாசிக்கும்போது ஹார்னும் டிரம்பெட்டும் ஏறக்குறைய ஒரே பலம். உரக்க வாசிக்கும்போது ஒரு டிரம்பெட்டுக்கு இரண்டு ஹார்ன் வேண்டும் என்பது ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் சொன்ன கணக்கு, இன்றும் நம்பலாம். அதனால் எல்லாத் தாளிலும் ஒரே ஃபோர்ட்டே (உரக்க) குறியைப் போடாதீர்கள். ஹார்னுக்கு ஃபோர்ட்டே என்றால் டிரம்பெட்டுக்கு மெட்ஸோ ஃபோர்ட்டே (மிதமாக உரக்க).

ஆல்ட்டோவை இரண்டாம் டிரம்பெட்டுக்குக் கொடுத்திருந்தால், வரி மிடில் சி-க்குக் கீழே இறங்கும் இடங்களில் அது மங்கிவிடும். அங்கே ஹார்ன் எடுத்துக்கொள்ளட்டும். ஆல்ட்டோ மேலே ஏறும் இடங்களில் ஹார்னுக்குச் சிரமம், டிரம்பெட்டுக்கு வசதி. நான்கு குரலுக்கு ஐந்து பேர் இருப்பதன் லாபம் இப்படி மாற்றிக்கொள்வதில்தான் இருக்கிறது. ஐந்தாவது ஆளுக்காகப் புது வரி கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஒலியே கூர்மையாக இருக்கிறது, திருப்பாடலுக்கு ஒட்டவில்லை என்றால் முதல் டிரம்பெட்டுக்குப் பதில் ஃப்ளூகல்ஹார்ன். கூலோவும் மனிதக் குரலுக்கு நெருக்கமான மென்மைக்காக ஃப்ளூகல்ஹார்னைத்தான் விரும்பினார். "ஆவே வெரும் கோர்புஸ்" பாட்டுக்கு, என் கணிப்பில், இது தவிர வேறு வழியில்லை. மோட்ஸார்ட் தொடக்கத்தில் போட்ட குறி "சொட்டோ வோச்சே", அதாவது தாழ்ந்த குரலில்.

அந்தக் காலத்திலேயே வெனிஸ் புனித மாற்கு ஆலயத்தில் இசையமைப்பாளர் காப்ரியேலி டிரோம்போன்களைக் குரல்களோடு சேர்த்தாரே, அப்போது அவை குரல்களை மூடவில்லையா என்று சிலர் கேட்பார்கள். அவருடைய 1597-ஆம் ஆண்டுத் தொகுப்பு அதற்கு நல்ல சாட்சிதான். ஆனால் அன்றைய டிரோம்போனின் குழாயும் வாயும் குறுகியவை. மேல்வரியை வாசித்தது மரத்தில் செய்த கோர்னெட்டோ, டிரம்பெட் இல்லை. இன்றைய கருவியில் அதே சமநிலை வேண்டுமானால் குறிகளால்தான் கொண்டுவர முடியும்.

கார்ட் புளிக்கிறது

நல்ல பாடகர் குழு மேஜர் கார்டின் மூன்றாம் சுரத்தைப் பியானோவில் இருப்பதைவிட 14 சென்ட் (ஒரு சென்ட் அரைத் தொனியில் நூறில் ஒரு பங்கு) அளவு தாழ்த்திப் பாடும். அதனால்தான் அந்தக் கார்டுகள் கண்ணாடி மாதிரி நிற்கின்றன. உங்கள் குழுவில் மூன்றாம் சுரம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

"லோகஸ் இஸ்தே" சி மேஜரில் இருக்கிறது. ஜி கார்டின் மூன்றாம் சுரமான பி, மிடில் சி-க்கு அரைத் தொனி கீழே, இரண்டாம் டிரம்பெட்டில் நிற்கிறது என்று வையுங்கள். அவருடைய தாளில் அது கீழ் சி ஷார்ப். மூன்று வால்வையும் ஒன்றாக அழுத்தும் நோட்டு, இயல்பாகவே மேலே ஏறி ஒலிக்கும். தாழ வேண்டிய சுரம் ஏறி நிற்கிறது. மூன்றாம் வால்வின் ஸ்லைடை வெளியே தள்ளி அவர் சமாளிக்கலாம், ஆனால் நீண்ட நோட்டாக இருந்தால் ஹார்னுக்கு மாற்றிவிடுங்கள். டிரோம்போனுக்குப் போகக்கூடிய இடமாக இருந்தால் இன்னும் நல்லது. ஸ்லைடைக் கொஞ்சம் நீட்டினால் போதும்.

பாட்டின் கீயை (ஆதாரச் சுரத்தை) மாற்றுவது இன்னொரு வழி. "ஆவே வெரும்" டி மேஜரில் இருந்தால் டிரம்பெட்டுக்கு நான்கு ஷார்ப். அரைத் தொனி ஏற்றி இ ஃப்ளாட்டில் எழுதினால் அவருக்கு ஒரே ஒரு ஃப்ளாட், விரலும் சுருதியும் நிம்மதியாகும். ஆனால் கீயை மாற்றினால் சிக்கலான நோட்டும் வேறு இடத்துக்கு நகரும். மாற்றிய பிறகு நீண்ட கார்டுகளின் மூன்றாம் சுரங்களை மறுபடி ஒருமுறை தேடிப் பாருங்கள்.

பாதியிலேயே முதல் டிரம்பெட்டின் உதடு சோர்கிறது

சொப்ரானோ வரி ஒரே உயரத்தில் நெடுநேரம் தங்கும். ஒரு நோட்டும் தனியாகப் பார்த்தால் உயரம் இல்லை, இறங்கி ஓய்வெடுக்க இடம் இல்லாததுதான் பிரச்சினை. முதல், இரண்டாம் டிரம்பெட் மெட்டை வரி வரியாக மாற்றிக்கொள்ளட்டும், அந்த நேரத்தில் ஹார்ன் ஆல்ட்டோவைத் தாங்கும். பாட்டை ஒரு முழுத் தொனி இறக்குவதும் உதவும்.

இங்கே "ஆவே வெரும்" ஒரு பொறி வைத்திருக்கிறது. மூலத்தில் தந்திக் கருவிகளும் ஆர்கனும் உண்டு. முன்னாலும் நடுவிலும் கடைசியிலும் அவை மட்டும் வாசிக்கும் சிறு பகுதிகளில் பாடகர்கள் ஓய்ந்திருப்பார்கள். பிராஸ் குழுவில் குரலும் தந்தியும் நீங்களே என்பதால் அந்த ஓய்வு மறைந்துபோகிறது. இடைவெளிகளை ஹார்ன், டிரோம்போன், டியூபா மூவருக்கு மட்டும் எழுதுங்கள். கடைசிப் பகுதியில் பெண்குரல் ஜோடி தொடங்க ஆண்குரல் ஜோடி பின்தொடரும் இடம் வரும். அதற்குள் டிரம்பெட்டுகளின் உதடு புதிதாக இருக்க வேண்டும்.

ஆலயத்தில் எதுவும் புரியவில்லை

ஒத்திகை அறையில் தெளிவாக இருந்தது எதிரொலி அதிகமுள்ள கட்டடத்தில் கலங்கினால், டெம்போவைக் குறைப்பதற்கு முன் முடிவு நோட்டுகளை இன்னும் கொஞ்சம் குறையுங்கள். நகரும் நடுக்குரல் மட்டும் தெளிவாகவும், நின்றுகொண்டிருக்கும் குரல்கள் தொடங்கியவுடன் மெலிந்தும் வாசிக்கட்டும். ஆக்டேவ் இரட்டிப்புகள் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ப்ரூக்னர் லின்ஸ் பேராலயத்தின் ஆர்கன் கலைஞராக இருந்தவர். 1869-இல் அதே நகரின் புதிய பேராலயத்தில் நேர்த்திக்கடனாகக் கட்டிய சிற்றாலயத்தின் அர்ப்பணிப்புக்காக எழுதிய "லோகஸ் இஸ்தே" பாட்டில், முடிவுக்குச் சற்று முன் எல்லாக் குரல்களும் நிற்கும் ஒரு மௌனம் உண்டு. எதிரொலி முழுதாக அடங்கிய பிறகு கடைசிச் சொற்கள் மெல்ல வரும். குழுவினர் பதற்றத்தில் அந்த மௌனத்தைச் சுருக்கிவிடுவார்கள். தாளில் எண்ணிக்கையைத் தெளிவாக எழுதி, டியூபா உட்பட எல்லோருக்கும் அதே ரெஸ்ட்டை ஒரே மாதிரி அச்சிடுங்கள், அடுத்த நுழைவை முதல் டிரம்பெட் மூச்சால் காட்டட்டும். எதிரொலியே இல்லாத அறையில் வாசித்தாலும் அந்த அளவைக் குறைக்க வேண்டாம்.